அப்பனுக்கு வராதா?

போன வாரம் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. பேச்சோடு பேச்சாக ஒரு பெரியவர் சொன்னார்: "பிள்ளை வளர்க்கிறது பொம்பளைக்கு ரத்தத்துலயே இருக்கு. ஆம்பளைக்கு அது வராது. அறிவியலே அப்படித்தான் சொல்லுது." கை நிறையக் கண்ணாடி வளையலோடு உட்கார்ந்திருந்த பெண் ஒன்றும் பேசவில்லை. அவள் கணவன் மட்டும் பெரிய பாரம் இறங்கினாற்போலச் சிரித்தான். அந்தச் சிரிப்பு மனதை விட்டுப் போகவே இல்லை.

இந்தப் பேச்சுக்கு ஒரு வேர் உண்டு. 1972இல் ராபர்ட் டிரைவர்ஸ் என்ற உயிரியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். விந்தணு சின்னது, கருமுட்டை பெரிது. பாலூட்டிகளில் அதற்கு மேல் கர்ப்பம், பால். பிள்ளைக்காக அதிக முதல் போட்டவர் விட்டுப் போக மாட்டார், குறைவாகப் போட்டவர் அடுத்த துணையைத் தேடுவார் என்பது வாதம். பாலூட்டிகளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இனங்களில்தான் அப்பன் குட்டியைக் கவனிக்கிறது என்பதும் உண்மை.

ஆனால் நாலு வருடத்திலேயே ரிச்சர்ட் டாக்கின்ஸ், கார்லைல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதில் இருந்த ஓட்டையைக் காட்டிவிட்டார்கள். போட்ட முதல் போனது போனதுதான். இனி கூட இருந்தால் எத்தனை குஞ்சு பிழைக்கும், விட்டுப் போனால் என்ன கிடைக்கும் என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கு ஒவ்வொரு உயிருக்கும் வேறு.

நம்மூர் ஏரியில் நீளவால் இலைக்கோழியைப் பாருங்கள். பெண் நாலு முட்டை இட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். மிதக்கும் இலைகள்மேல் மூன்று வாரத்துக்கும் மேலாக அடைகாப்பது அப்பன். குஞ்சுகளை வளர்ப்பதும் அதுதான். பெரிய முட்டை போட்டது அம்மாதானே? கண்மாயில் சிவப்புக் கொத்தாக மிதக்கும் விரால் குஞ்சுகளுக்கும் அப்பன் காவல் நிற்கும்.

சரி, மனிதன்? பிலிப்பைன்ஸின் செபூ நகரில் 624 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியிட்டார்கள். அப்பாவான ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் நன்றாக இறங்கியிருந்தது. தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இன்னும் குறைவு. ஆண் உடம்பும் பிள்ளைக்காக மாறுகிறது. மத்திய ஆப்பிரிக்கக் காட்டில் வாழும் அகா மக்களில் அப்பாக்கள் நாளில் பாதி நேரம் கைக்குழந்தைக்குக் கை எட்டும் தூரத்திலேயே இருக்கிறார்கள். தாய் ஒருத்தியே வளர்ப்பதும் நம் இனத்தின் வழக்கமாக இருந்ததில்லை. பாட்டி, அத்தை, அக்கா எல்லாரும் சேர்ந்து தூக்கிய பிள்ளைகள்தான் பிழைத்தன என்று மானுடவியலாளர் சாரா ஹர்டி விரிவாக எழுதியிருக்கிறார்.

என் மகள் பிறந்த முதல் வாரம் அவளைத் தூக்கவே எனக்குக் கை நடுங்கியது. மனைவிக்கு சிசேரியன், ராத்திரி எல்லாம் நான்தான். பத்து நாளில் அழுகையை வைத்தே பசியா, ஈரமா, வயிற்று வலியா என்று பிடிபட ஆரம்பித்தது. பழகப் பழக வந்தது. மனைவிக்கும் அப்படித்தான் வந்ததாம், அப்புறம் ஒருநாள் சொன்னாள்.

அந்த வளைகாப்புப் பெண்ணுக்கு அடுத்த மாதம் பிரசவம். அதற்குள் அவள் கணவன், அந்தத் தம்பியைக் கூப்பிட்டு இதைப் பேச வேண்டும்.