எழும்பூரில் ஓடியது ஃபேரி குயின் இல்லை

எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை ஓட்டிக் காட்டிய நீராவி எஞ்சின்தான் ஃபேரி குயின், 1855லிருந்து அது நிற்காமல் ஓடுகிறது, பெயின்ட் அடித்துக் கரி போட்டால் கிளம்பிவிடும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்றுமே தப்பு, நண்பரே.

இங்கே ஓடியது இஐஆர் 21, அதாவது ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயின் 21ஆம் நம்பர் எஞ்சின், பெயர் எக்ஸ்பிரஸ். ஃபேரி குயின் இஐஆர் 22. இரண்டும் இங்கிலாந்தின் லீட்ஸில் 1855ல் செய்தவை, அக்கா தங்கை மாதிரி இருக்கும், குழப்பம் வருவது சகஜம்தான். ஆனால் 'நிற்காமல்' எங்கிருந்து வந்தது? 1909ல் ஓய்வு கொடுத்த பிறகு எக்ஸ்பிரஸ் நூறு வருஷம் காட்சிப்பொருளாகத்தான் நின்றது. பல பாகங்கள் காணாமல் போய், உருவம் கெட்டு வந்ததை நம்ம பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்காரர்கள் சரிசெய்து 2010ல் ஓடவைத்தார்கள்.

அப்புறம் அந்தப் பெயின்ட் விஷயம். பெயின்ட் கடைசி வேலை. முதலில் பாய்லர்: துருப்பிடித்த தகடு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அளந்து, குழாய்களைப் பார்த்து, தண்ணீரை நிரப்பி, வேலை செய்யும் அழுத்தத்துக்கும் மேலே ஏற்றி எங்கேயாவது கசிகிறதா என்று சோதித்த பிறகுதான் நெருப்பே வைக்க முடியும். அதையும் மெதுவாக, மணிக்கணக்கில் சூடேற்ற வேண்டும், அவசரப்பட்டால் உலோகம் ஒரே சீராக விரியாமல் இணைப்புகள் விட்டுப்போகும். நெருப்புப்பெட்டியின் மேல்தகட்டுக்கு மேலே தண்ணீர் குறைந்தால் வெடிக்கவே வாய்ப்பிருக்கிறது. பாதுகாப்பு வால்வு, தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடி, பிரேக் எல்லாம் தனி வேலை.