பம்பரம் நுழையாத டப்பா

ஜியோகேச்சிங் பழக்கம் உள்ளவர்கள் என் நட்பு வட்டத்தில் ஏழெட்டுப் பேராவது இருப்பீர்கள். இந்தச் சண்டை உங்களோடுதான். சின்னக் குழந்தைகள் நடக்கிற பாதையில், அதுவும் கிறிஸ்துமஸ் பெயரைச் சொல்லி, சுண்டுவிரல் அளவு டப்பாவை ஒளித்து வைக்காதீர்கள்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். யாரோ ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைச் செயலியில் போட்டுவிடுவார். நாம் ஜிபிஎஸ் பார்த்துப் போய்த் தேட வேண்டும். உள்ளே ஒரு குறிப்பேடு இருக்கும். பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். பெட்டி பெரிதாக இருந்தால் பொம்மை, சாவிக்கொத்து, கோலிக்குண்டு என்று ஏதாவது கிடக்கும். ஒன்றை எடுத்தால் அதற்குக் குறையாத இன்னொன்றை வைக்க வேண்டும். என் மகளுக்கு ஆறு வயது. இந்த எடுத்து வைக்கிற வேலைதான் அவளுக்கு விளையாட்டே. மற்றதெல்லாம் அப்பாவின் பொழுதுபோக்கு.

போன டிசம்பரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பாதை ஒன்றில் சான்டா பெயரில் ஒரு பெட்டி இருப்பதைப் பார்த்தேன். 'குழந்தைகளோடு வரலாம்' என்ற அடையாளமும் போட்டிருந்தார்கள். நடக்கும் சிரமம் ஐந்துக்கு ஒன்றரை. சரி, கிளம்பு என்றேன். மாற்றி வைப்பதற்கு அவள் எடுத்துக்கொண்டது, ஊர்த் திருவிழாக் கடையில் தாத்தா வாங்கித் தந்த இரண்டு மரப் பம்பரங்களில் ஒன்று. சிவப்புச் சாயம் பூசியது.

சியாட்டில் பக்கம் டிசம்பரில் நாலரைக்குள் பொழுது சாய்ந்துவிடும். நாங்கள் போய்ச் சேரும்போது மூன்று மணி, நச நசவென்று மழை. வானம் தெரியாத அளவுக்கு டக்ளஸ் ஃபர் மரங்களும் சீடர் மரங்களும் கவிந்த காட்டில் கைபேசி ஜிபிஎஸ் ஒரு இடத்தில் நிற்காது. இங்கே என்னும், பத்து மீட்டர் தள்ளி அங்கே என்னும். முக்கால் மணி நேரம் பெரணிச் செடிகளை விலக்கி விலக்கித் தேடினோம். கடைசியில் விழுந்து கிடந்த ஒரு மரத்தின் பாசிக்குள் பச்சைச் சாயம் அடித்த பிளாஸ்டிக் குழாய் ஒன்று சொருகியிருந்தது. என் சுண்டுவிரல் நீளம். உள்ளே சுருட்டிய துண்டுக் காகிதம், அதுவும் நனைந்து. குழாயின் மூடியில் சான்டா ஸ்டிக்கர்.

"கிஃப்ட் எங்கப்பா?" என்றாள். பம்பரத்தைக் குழாயின் வாயில் வைத்துப் பார்த்தாள். ஆணி மட்டும்தான் உள்ளே போனது.

தப்பு என் பேரிலும் இருக்கிறது. நடக்கும் சிரமத்தைப் பார்த்த நான், அதற்குப் பக்கத்திலேயே இருந்த தேடும் சிரமம் மூன்றரை என்பதையும், அளவு 'மைக்ரோ' என்பதையும் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் குழந்தை அடையாளத்தைப் போட்டவர் நானில்லையே.

பெரிய பெட்டி வைத்தால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், தண்ணீர் புகுந்துவிடுகிறது என்பீர்கள். உண்மைதான். ஆனால் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. அப்படியென்றால் அந்தச் சுண்டுவிரல் குழாய், சுற்றிலும் 161 மீட்டருக்கு வேறு யாரும் நல்ல பெட்டி வைக்க முடியாமல் இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஊர்க்குளத்துப் படியில் ஒரு துண்டைப் போட்டு இடம் பிடித்த மாதிரி. உங்கள் சாமர்த்தியத்தைக் காட்ட மலையுச்சி முழுக்கக் கிடக்கிறது, அங்கே வையுங்கள்.

இந்த விளையாட்டு பிறந்ததே ஒரு வாளியில்தான். 2000-ம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், பொதுமக்களுக்கான ஜிபிஎஸ்ஸில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நீக்கியது. மே 3-ம் தேதி ஆரிகன் மாநிலத்தில் பீவர்க்ரீக் பக்கம் டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியைக் காட்டோரம் வைத்தார். அதில் புத்தகம், வீடியோ, குறிப்பேடு, பென்சில், ஓர் உண்டிவில் கூட இருந்தன. உண்டிவில்! என் மகள் அந்தக் காலத்தில் இருந்திருக்க வேண்டும். ஒரு பீன்ஸ் டின்னும் இருந்தது. இன்றைய விதிப்படி தின்பண்டம் எதுவும் கூடாது என்பதால் அதே வாளிக்கு இப்போது அனுமதி கிடைக்காது.

சாமர்த்தியமில்லாத நல்ல பெட்டி ஜூலையில்தான் கிடைத்தது. சியாட்டிலுக்குப் பக்கத்திலுள்ள கூகர் மலையில் கோல் க்ரீக் அருவிக்குப் போகிற பாதை, போய்வர இரண்டரை மைல்தான். அந்தக் காலத்தில் நிலக்கரி வெட்டிய மலை. சுரங்கம் சரிந்து மண் உள்வாங்கிய குழிகள் பாதையோரம் இருக்கின்றன. குழந்தையின் கையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஜூலையில் அருவி, குழாயைச் சரியாக மூடாத மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்குச் சற்று முன்னால், ஒரு மரத்தடியில் துப்பாக்கித் தோட்டா வைக்கிற பழைய ராணுவ இரும்புப் பெட்டி. மூடிக்குள் சிவப்பு வெல்வெட் துணி ஒட்டி, ஒற்றைக் கொம்பு கலைமான், மணி, குட்டிப் பனிமனிதன் எல்லாம் போட்டு வைத்திருந்தார்கள். வெயிலில் வியர்த்துக்கொண்டே கிறிஸ்துமஸ் கொண்டாடினோம். யாரோ கோடு போட்ட மிட்டாய்க் கம்பு ஒன்றை வேறு போட்டிருந்தார்கள். பிசுபிசுவென்று ஒட்டி எறும்பு மொய்த்துக் கிடந்தது. பண்டிகைப் பெட்டி என்றாலே இந்த ஆசை வந்துவிடுகிறது போல. அந்த மலையில் கரடி உண்டு, ஐயா. மிட்டாயைப் பையில் போட்டுக் கொண்டுவந்தேன்.

அவள் மணியை எடுத்துக்கொண்டு பம்பரத்தை வைத்தாள். டிசம்பரிலிருந்து அதே பையில்தான் இருந்திருக்கிறது, எனக்கே தெரியாது.

போன வாரம் அந்தப் பெட்டிக்கு வந்த புதுப் பதிவைச் செயலியில் பார்த்தேன். யாரோ ஓர் அம்மா எழுதியிருக்கிறார்: பையன் சிவப்பு மர பொம்மையை எடுத்துக்கொண்டான், ஆணி மேல் நிற்கிறதே, இதை எப்படி விளையாடுவது?

சாட்டையை வைக்க மறந்துவிட்டோம்.