அது விபத்து இல்லை, அண்ணே

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைப் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். முழுக்கத் திரும்பச் சொல்லப் போவதில்லை. சர்வீஸ் ரோட்டில் ஸ்கூட்டியோடு விழுந்த அக்காவுக்காக "விபத்தில் சிக்கிய அக்கா விரைவில் குணமடைய வேண்டும்" என்று ஒருவர் போட்டார். எல்லோரும் கைகூப்பினார்கள். நான்தான் "இது விபத்து இல்லை, தோண்டின குழியை மூடாமல் போனவர்கள் செய்த வேலை" என்று எழுதினேன். உடனே, நான் மிகவும் மதிக்கிற அண்ணன் ஒருவர், "விபத்துன்னா எதிர்பாராம நடக்கிறதுப்பா, அகராதியைப் பாரு. எல்லாத்துக்கும் சண்டை பிடிக்காதே" என்று பதில் போட்டார். அதற்கும் வரிசையாகக் கட்டைவிரல்கள்.

பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன் அண்ணே. ஆபத்து, விபத்து, சம்பத்து மூன்றும் வடமொழியில் ஒரே வேரில் பிறந்தவை. சம்பத்து என்றால் செல்வம். விபத்து என்றால் கேடு, துன்பம். அவ்வளவுதான். யார் மேலும் தப்பில்லை என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் இல்லை. ஆக்சிடென்ட்டுக்கு ஈடாக அதைப் புழங்கிப் புழங்கி நாம்தான் அப்படி ஆக்கி வைத்திருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

எப்படிப் புழங்குகிறோம் என்று பாருங்கள். லாரி கட்டுப்பாட்டை இழக்கும். பஸ் கவிழும். சுவர் இடிந்து விழும். கார் "எதிர்பாராத விதமாக" மோதும். எந்தச் செய்தியிலும் மனிதன் எதையும் செய்வதே இல்லை. நம் பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் "விபத்துப் பகுதி, மெதுவாகச் செல்லவும்" என்று பலகை நிற்கிறது. இங்கே அடிபடுவார்கள் என்று தெரிந்து பலகை எழுதி நட்ட பிறகு, அங்கே நடப்பது எப்படி எதிர்பாராதது ஆகும்? இந்தக் கேள்விக்கு எனக்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

2022 ஜூனில் நம் வேலூரில் நிறுத்தியிருந்த பைக்கை நகர்த்தாமல் அப்படியே சிமென்ட் ரோடு போட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? சக்கரம் சிமென்ட்டுக்குள் புதைந்து நின்ற படம் நாடு முழுக்கச் சுற்றியது. அதை ஒருவர்கூட விபத்து என்று சொல்லவில்லை. எந்த கான்ட்ராக்டர், யார் பார்வையிட்டது என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். பைக்குக்குக் கேட்டோம். அக்காவின் காலுக்கு ஏன் கேட்கவில்லை?

எனக்கு இந்தச் சொல் ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று கேட்டார்கள். சொல்கிறேன். அப்பா ஒரு டேனரியில் வேலை பார்த்தார். நான் ஆறாவது படிக்கும்போது தோல் சீவுகிற மெஷினில் வலது கை போய் இரண்டு விரல் போயிற்று. கை உள்ளே போகாமல் இருக்க அந்த மெஷினுக்கு ஒரு தகடு உண்டு. அது இருந்தால் வேலை மெதுவாகிறது என்று கழற்றி மூலையில் சாத்தி வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கே ஒரு காகிதம் வந்தது. "தொழிலாளியின் கவனக்குறைவால் ஏற்பட்ட விபத்து." அப்பா இடது கையால் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்திலும் அவர் பந்தியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எல்லோரும் எழுந்த பிறகு சமையல்கட்டுப் பக்கம் நின்றபடி சாப்பிடுவார். கேட்டால் "என் நேரம்பா" என்பார். விபத்து என்ற சொல் அவரை அப்படி நம்ப வைத்திருந்தது.

2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மேல் கழிவு கொட்டியது. 10 பேர் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த பிள்ளைகள். டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "அந்தச் சுவத்தை எவன்டா கட்டினான்?" என்றார். தன் விரலுக்கு ஒரு நாளும் கேட்காத கேள்வி அது.

சரி, "வேணும்னு யாரும் செய்யலையே" என்பீர்கள். நான் கொலை என்று சொன்னேனா? வேண்டுமென்று செய்வது வேறு, அலட்சியமாக விடுவது வேறு. சட்டத்துக்கே அது தெரியும். அலட்சியத்தால் உயிர் போனால் பழைய தண்டனைச் சட்டத்தில் 304ஏ, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் பிரிவு 106. இரண்டிலும் அது குற்றம்தான். ரோட்டைச் சரியாகப் பராமரிக்காததால் உயிரோ உறுப்போ போனால் பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் வரை அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் 198ஏ என்று ஒரு பிரிவையே சேர்த்தது. "கோர்ட்டே விபத்துன்னுதானே சொல்லுது?" ஆமாம், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்றுதான் பெயர். ஆனால் 166ஆம் பிரிவில் அங்கே மனுப் போட்டால், யாருடைய அலட்சியம் என்றுதான் முதலில் கேட்பார்கள். நம் குழுவில்தான் அதைக் கேட்கக் கூடாது. 2001லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், ஆக்சிடென்ட் என்ற சொல்லைத் தன் பக்கங்களில் எழுத வேண்டாம் என்று முடிவெடுத்தது. அவர்களும் சண்டைக்காரர்களா?

மாடு குறுக்கே ஓடி வந்தது, மரம் முறிந்து விழுந்தது என்றால் விபத்து என்று சொல்லுங்கள், நான் வாயே திறக்கமாட்டேன். வெட்டின குழி தானாக வந்ததா?

சண்டை பிடிக்கிறவன் என்று நீங்கள் எழுதியது மனசைக் கஷ்டப்படுத்திவிட்டது அண்ணே. அன்றைக்கு ராத்திரி அந்த அக்காவைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன். வலியில் கத்திக்கொண்டே, "நான் பாத்து வந்திருக்கணும், என் தப்புதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா சொன்னதுபோலவே. அதைக் கேட்டுவிட்டு வந்து போனைத் திறந்தால் விபத்து, விபத்து என்று கிடக்கிறது. நான் எப்படி எழுதாமல் இருப்பேன்?

இன்று காலையும் அந்தப் பக்கம் போனேன். குழி அப்படியே இருக்கிறது. யாரோ வேப்பங்கிளை ஒன்றை ஒடித்துச் செருகிச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். ராத்திரியில் அது கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் கடையைச் சாத்திவிட்டு அந்த வழியாகத்தானே வருவீர்கள் அண்ணே, இடது ஓரமாக வராதீர்கள்.