ஜப்பான் ஊர்வலச் சுருள்: 850 வருட மூல ஓவியம் அல்ல

“850 வருடமாக நிறம் மங்காத ஜப்பான் பேரரசரின் ஊர்வல ஓவியம்” என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பேரரசரின் பல்லக்கும் அதன் உச்சியில் பொன்னிறப் பறவையும் தெரியும் படம். ஓவியம் உண்மை, வயதுதான் தவறு.

இது ‘நென்ஜூ க்யோஜி எமாகி’ (ஆண்டுச் சடங்குகளின் ஓவியச் சுருள்) என்ற சுருள்களில் வரும் காட்சி. புத்தாண்டில் பெற்றோரை வணங்கப் பேரரசர் அவர்களது அரண்மனைக்குப் போகிறார். 12ஆம் நூற்றாண்டில் முன்னாள் பேரரசர் கோ-ஷிரகவா இதை வரையச் சொன்னார். தொகிவா மிட்சுநாகா என்ற ஓவியரும் மற்றவர்களும் வரைந்ததாகச் சொல்வார்கள். மொத்தம் சுமார் 60 சுருள்கள். அந்த மூலம் 17ஆம் நூற்றாண்டுத் தீவிபத்துகளில் அழிந்துவிட்டது.

இன்று நாம் பார்ப்பது ஓவியர் சுமியோஷி ஜோகேய் (1599–1670) முதலானோர் எடுத்த பிரதிகள். நிறம் பளிச்சென்று இருப்பதில் அதிசயமில்லை, அது சுமார் 400 வருடப் பழசுதான். பிரதிகளில் சில சுருள்களுக்கு வண்ணமே தீட்டவில்லை, வெறும் கோடுகள்தான். ஃபார்வர்டில் அவை வராது, பாவம்! ஆனால் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தின் முகங்களை ரசிக்க எனக்கு அவையே பிடிக்கும்.

சந்தேகமா? ஜப்பானின் தேசிய டயட் (நாடாளுமன்ற) நூலக இணையத் தொகுப்பில் சுருளின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஜப்பானியக் கலை வரலாற்று நூல்களும் இதைப் பிரதி என்றே குறிப்பிடுகின்றன.

படத்தைப் பகிர்வதென்றால் ‘17ஆம் நூற்றாண்டுப் பிரதி’ என்று எழுதிப் பகிருங்கள். பழைய வாசகத்தோடு வந்தால் தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.