ரிடோ கால்வாயைப் பார்த்தவர்கள் இப்படிச் சொல்லமாட்டார்கள்
குளிர்கால விழாக்களைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். குளிர்கால விழா என்றாலே வெளியூர்க்காரர்களிடம் காசு பறிக்கும் வேலை என்று அதை எழுதியவர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். எல்லா ஊரையும் அப்படிச் சேர்த்துக் கட்ட முடியாது. கனடாவின் ஒட்டாவாவில் 1979 முதல் விண்டர்லூட் என்ற குளிர்கால விழா நடக்கிறது. பனிச்சிற்பங்கள் இருக்கட்டும், எனக்குப் பிடித்தது ஊருக்குள் ஓடும் ரிடோ கால்வாய்தான். உறைந்துபோன 7.8 கிலோமீட்டர், சறுக்கக் கட்டணமே கிடையாது. முதுகில் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குச் சறுக்கிப் போகிறவர்களை அங்கே பார்த்தேன். நான் நடக்கவே தடுமாறினேன், ஒரு பாட்டி சர்ரென்று என்னைத் தாண்டிப் போனார்!

அப்புறம் அந்த பீவர் டெயில் என்ற தின்பண்டம். மாவை வால் மாதிரி நீளமாகத் தட்டி, எண்ணெயில் பொரித்து, சர்க்கரையும் பட்டைப்பொடியும் தூவித் தருவார்கள். கையுறையைக் கழற்றினால் விரல் விறைக்கிறது, போட்டுக்கொண்டு தின்றால் கையுறையெல்லாம் சர்க்கரை.

அந்தப் பனித்தளமும் தானாக அமைந்துவிடுவதில்லை. இலையுதிர்காலத்திலேயே நீர்மட்டத்தைக் குறைக்கிறார்கள். உறைந்தபின் இரவில் மேலே தண்ணீர் பாய்ச்சித் தடிமன் ஏற்றுகிறார்கள். சுமார் 30 சென்டிமீட்டர் உறுதியான பனி சேர்ந்தால்தான் திறப்பார்கள். 2022-23 குளிர்காலத்தில் போதிய குளிர் இல்லாமல் ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. 1970-71இல் இந்தச் சறுக்குதளம் தொடங்கியதிலிருந்து அதுதான் முதல் தடவை.

காசைப் பற்றி இவ்வளவு எழுதியவர், பனியே இல்லாமல் போவதைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.