புறவாசலுக்குத் தளம் போடுவது பற்றி

சென்னையில் இருக்கும் என் தம்பி போன வாரம் போன் போட்டு, "புறவாசல் முழுக்கத் தளம் போட்டு, சுத்திக் காம்பவுண்டு சுவரை எழுப்பிருவோம்ணே, பாதிச் செலவு என்னோடது" என்றான். மே மாசம் அவன் மகள் கிணற்றடியில் சாரைப்பாம்பைப் பார்த்துவிட்டாள், அதிலிருந்து லீவுக்கு ஊருக்கு வரமாட்டேன் என்கிறாளாம். பிள்ளை பயந்தது தப்பில்லை. அதற்கு அவன் சொல்லும் வைத்தியம்தான் எனக்கு ஒத்துவரவில்லை. போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால் இங்கே எழுதுகிறேன். எப்படியும் வாசிப்பான்.

திருநெல்வேலி மாவட்டத்தில் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வாய்க்காலுக்கும் வயலுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் வீடு. புறவாசல் பதினைந்து சென்ட் வரும். இரண்டு மா, ஒரு பலா, நாலு தென்னை, மாடில்லாத பழைய தொழு, வைக்கோல் படப்பு, கோழிக்கூடு, விறகு அடுக்கு. கோழிக்குப் போடுகிற குருணைக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும், பலா பழுத்தால் மரநாய் வரும், கீரிப்பிள்ளைக்கு இவற்றில் எது அகப்பட்டாலும் சரிதான். தரையைப் பூசிவிட்டால் குருணை இல்லாமல் போகுமா? தளத்துக்கு அடியில் மண் இறங்கி ஒரு விரிசல் விட்டால் எலிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது.

என் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் அறுப்பு முடிந்து மச்சில் நெல்மூட்டை அடுக்கியிருந்தோம், ராத்திரி முழுக்க எலி ஓட்டம், தாங்கமுடியாமல் கடையில் எலிக்கேக் வாங்கி வைத்தேன். எலி செத்தது, நாற்றமும் வந்தது, அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஒரு வாரம் கழித்துக் காலையில் படப்படியில் கூகை, ஆந்தை ஜாதிதான், செத்துக் கிடந்தது. அரசிலை மாதிரி அந்த வெள்ளை முகத்தை அவ்வளவு கிட்டத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். இறகைத் தொட்டால் தொட்ட மாதிரியே தெரியவில்லை, அத்தனை மெது. அலகோரம் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. நான் அதை எங்கேயும் கொண்டுபோய்ப் பரிசோதிக்கவில்லை. ஆனால் அந்த மருந்து ரத்தத்தை உறையவிடாமல் செய்கிற மருந்து. தின்ற எலி அங்கேயே விழாது, சில நாள் தள்ளாடிக்கொண்டு திரியும், அப்படித் திரிகிற எலியைத்தான் கூகையும் லேசாகப் பிடிக்கும்.

தொழுவின் பரணில் அது எத்தனை வருஷமாக இருந்தது என்று எனக்கே தெரியாது. ஆச்சிக்கு ஆகாது, அது கரகரவென்று கத்தினால் "சவம், இழவு சொல்ல வந்துட்டு" என்று வாரியலை எடுத்துவிடுவாள். அப்பாதான் "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்பார். கூகை எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கும். பரணுக்குக் கீழே அப்படிக் கிடந்த ஒன்றைச் சின்ன வயதில் குச்சியால் பிரித்துப் பார்த்திருக்கிறேன், உள்ளே எலித்தாடை மட்டும் மூன்று ஜோடி. ஒரு உருண்டையில்! கூகை செத்த பிறகு அந்த உருண்டை விழவில்லை. அடுத்த அறுப்புக்கு எலி இரண்டு மடங்கு, நான் நூற்றைம்பது ரூபாய் கேக்கில் வாங்கிய வினை.

கோழி விஷயம் இன்னொன்று. ஒரே ராத்திரியில் நாலு கோழி போனது, மரநாய் வேலை. பக்கத்து வீட்டு அண்ணாச்சி "கருவாட்டுல மருந்து தடவி வையும், ஒரே நாளுல முடிஞ்சிரும்" என்று யோசனை சொன்னார். என் வீட்டுக்காரி கேட்டாள்: "கூட்டை அடைக்காம டிவி முன்னாடி உக்காந்திருந்தது மரநாயா, நீங்களா?" பதில் இல்லை. பிளாஸ்டிக் வலையைப் பிடுங்கிவிட்டு இரும்புக் கம்பி வலை அடித்து, கதவுக்குக் கொண்டி போட்டேன், பொழுதடைந்தால் எண்ணி அடைக்கிறேன். அதோடு சரி. அது இப்போதும் வரும், பலாவில் நல்ல பழமாகப் பார்த்து ஒன்றைக் குடைந்துவிட்டுப் போகும். பனையேறுகிற அண்ணாச்சியைக் கேட்டால் கலயத்தில் வாய் வைத்துப் பதநீரையும் குடிக்கும் என்று திட்டுவார். குடிக்கும்தான்.

இதைச் சொன்னால் உடனே என்னைப் பிராணிப் பிரியர் லிஸ்டில் சேர்த்துவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கூட்டத்தோடும் ஒட்டாது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தினமும் காலையில் மயிலுக்கு அரிசி இறைத்து ரீல்ஸ் போடுகிறார்கள். இரண்டு மயில் வந்த இடத்தில் இப்போது பதினொன்று. அரிசி தீர்ந்ததும் அதுகள் மலைக்கா போகும்? அடுத்த வயலில் நாற்றங்காலில் இறங்கும், மிளகாய்ச் செடியை ஒடிக்கும். அந்த வயல் குத்தகைக்காரருடையது. 1972 வனவிலங்குச் சட்டப்படி மயில் மேல் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது, அவர் பழைய சேலையைக் கட்டிப் பார்க்கிறார், தகரத்தைத் தட்டிப் பார்க்கிறார். லைக் இவர்களுக்கு, நஷ்டம் அவருக்கு. பாபநாசத்தில் குரங்குக்குப் பழமும் பிஸ்கட்டும் கொடுத்துக் கொடுத்துப் பழக்கி, இப்போது கையில் பையோடு நடக்க முடியவில்லை, அதுவும் இதே கதைதான்.

கூந்தன்குளத்துக்காரர்கள் இந்தச் சோறு வைக்கிற வேலையெல்லாம் செய்வதில்லை. நாங்குநேரிப் பக்கம் போனால் பாருங்கள். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் தெருமரத்திலும் வீட்டுப் புறவாசல் மரத்திலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். 1994-ல் சரணாலயம் ஆனது, 2022-ல் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது, ஆனால் ஊர்க்காரர்கள் அதற்கு எவ்வளவோ முந்தியே விட்டுக்கொடுத்துப் பழகியவர்கள். தீபாவளிக்கு வெடி போடமாட்டார்கள். எச்சமும் மீன்நாற்றமும் இரைச்சலும் வருஷத்தில் பல மாதம் உண்டு, சகித்துக்கொள்கிறார்கள், அந்த எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரமாகப் பாய்கிறது. எங்களுக்குக் கிட்டத்தில் திருப்புடைமருதூரிலும் கோயிலைச் சுற்றிய மருதமரங்களில் பறவைகள் அப்படித்தான் இருக்கின்றன, 2005-ல் பாதுகாப்பிடமாக அறிவித்தார்கள்.

சரி, பாம்புக்கு வருகிறேன், தம்பிக்கு அதுதானே கவலை. மகள் பார்த்த சாரைக்கு விஷம் கிடையாது. சாரையும் நல்லபாம்பும் பிணைந்து நிற்கிறது என்று, அதிர்ஷ்டத்துக்காக அதன் மேல் வேட்டியை விரிக்க ஓடுகிறவர்கள் இன்னும் எங்கள் ஊரில் உண்டு. பிணைந்து நிற்பது இரண்டும் ஆண் சாரை, மல்லுக்கட்டுகின்றன, அவ்வளவுதான். பயப்படவேண்டியது நாலு: நல்லபாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன். இதில் கட்டுவிரியன் ராத்திரியில் வீட்டுக்குள்ளேயே வரும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலியும் வீக்கமும் பெரிதாக இருக்காது, விடியும்போது வயிற்றுவலி, இமை தொங்கும், அதற்குள் நேரம் போய்விடும். புறவாசல் தளம் அதை எப்படித் தடுக்கும்? கட்டிலில் படுத்துக் கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகினால் தடுக்கும். கண்ணாடி விரியன் சருகில் அசையாமல் கிடக்கும், மிதித்தால்தான் வினை, அதற்குக் கையில் டார்ச்சும் காலில் செருப்பும். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, பச்சிலை எதுவும் வேண்டாம், கையைக் காலை அசைக்காமல் நேரே அரசு ஆஸ்பத்திரிக்கு. அங்கே கொடுக்கிற விஷமுறிவு மருந்து ஒன்றே இந்த நாலுக்கும் கேட்கும்.

இவ்வளவையும் யோசித்து நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். அடுக்களை வாசலிலிருந்து கிணறு வரை மூன்றடி அகலத்துக்குத் தளம், இரண்டு பல்பு. சுவரை ஒட்டியிருக்கும் விறகு அடுக்கைத் தொழுவுக்கு அந்தப் பக்கம் மாற்றி, தரையிலிருந்து ஒரு முழம் தூக்கிக் கல்மேல் அடுக்குவது. குருணை இரும்பு டிரம்முக்குள். காம்பவுண்டு சுவர் ரோட்டுப் பக்கம் மட்டும், வாய்க்கால் பக்கம் இப்போதிருக்கிற வேலியே போதும், ஏனென்றால் அந்த வேலி வழியாகத்தான் கீரி தன் மூன்று குட்டிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு வருகிறது, தூரத்தில் பார்த்தால் நீளமாக ஒரே பிராணி ஊர்ந்து போகிற மாதிரி இருக்கும். உன் மகளுக்கு வீடியோ அனுப்பினேன், பார்த்தாளா?

கொத்தனார் சனிக்கிழமை அளவெடுக்க வருகிறார். அதற்குள் ஒரு வார்த்தை சொல்லுடே.