ஆர்ச்சி ரோச்சின் பாடலும் அவர் கண்ட ஆறுதலும்: ஒரு திருத்தம்

ஆஸ்திரேலியப் பழங்குடிப் பாடகர் ஆர்ச்சி ரோச், பெற்றோரிடமிருந்து அரசு பறித்துக் கொண்டுபோன பழங்குடிக் குழந்தைகளைப் பற்றி, அதற்காக அரசு 2008இல் மன்னிப்புக் கேட்ட பிறகே பாடினார் என்றும், முதுமையில் இசை அவருடைய நோயைக் குணப்படுத்தியது என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

குழந்தைப் பருவத்திலேயே விக்டோரியா மாநிலத்தின் பழங்குடிக் குடியிருப்பான ஃபிராம்லிங்ஹாமிலிருந்து, பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுசெல்லப்பட்ட அவர், அந்த அனுபவத்தைப் பாடிய 'டுக் த சில்ரன் அவே' (குழந்தைகளைக் கொண்டுபோனார்கள்) என்ற பாடல் 1990ஆம் ஆண்டு 'சார்கோல் லேன்' தொகுப்பில் வெளிவந்தது. இக்கொடுமையை விசாரித்த அரசு ஆணையத்தின் அறிக்கையே 1997இல்தான் வந்தது. மன்னிப்பு வருவதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் அந்த உண்மையை அவர் குரலில் கேட்டிருந்தார்கள் என்பதை மறைப்பது அவருக்குச் செய்யும் அநீதி.

இரண்டாவது கூற்று இன்னும் கவனமாகப் பார்க்கப்பட வேண்டியது. 2010 பிப்ரவரியில் வாழ்க்கைத் துணையும் பாடகியுமான ரூபி ஹன்டரை இழந்தார்; அதே ஆண்டில் பக்கவாதம் தாக்கியது; அடுத்த ஆண்டு நுரையீரல் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அத்தனைக்கும் பின் 2012இல் 'இன்டு த பிளட்ஸ்ட்ரீம்' தொகுப்பை வெளியிட்டார். துக்கத்திலிருந்து மீண்டெழ இசை அவருக்குத் துணைநின்றது என்று சொல்லலாம். உடல்நோய் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. 2020இல் ஆஸ்திரேலிய இசைப்பதிவுத் துறைச் சங்கமான அரியாவின் புகழ் அரங்கில் சேர்க்கப்பட்டபோது, மூக்கில் ஆக்சிஜன் குழாயுடன் அமர்ந்துதான் (அக்காட்சியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்) அவர் 'டுக் த சில்ரன் அவே' பாடலைப் பாடினார். 2022 ஜூலை 30 அன்று, 66 வயதில், காலமானார்.